கால்தூசும் அடிப்பொடியும்



சென்ற மாதம் ஓர் அஞ்சலட்டை வந்தது. அனுப்பியவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியை. பொடி எழுத்தில், சிவப்பு மையில், ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தார்: "தூசி சரியா, தூசு சரியா? உங்கள் இதழில் ஒரு பக்கத்தில் ஒன்றும் இன்னொரு பக்கத்தில் மற்றொன்றும் வருகிறதே?" இரண்டு பக்க எண்களையும் குறித்து அடிக்கோடு இட்டிருந்தார்.

இரண்டும் வழக்கில் உள்ளவையே, இனிக் கவனமாக இருக்கிறோம் என்று அன்றே பதில் போட்டிருக்கலாம். எதற்கும் பார்த்துவிடுவோமே என்று அகராதியைப் பிரித்தேன். பிறகு மூடி வைக்க மனம் வரவில்லை. பழந்தமிழில் தூசு என்றால் ஆடை. உடுத்திக்கொள்கிற நல்ல துணி. தூசி என்றால் படையின் முன்னணி, தூசிப்படை என்பார்கள். தொலைவில் ஒரு படை வருகிறது என்றால் முதலில் கண்ணில் படுவது அது கிளப்பும் புழுதிதானே என்று எனக்குத் தோன்றியது. காஞ்சிபுரத்திலிருந்து வந்தவாசி போகிற வழியில் தூசி என்றே ஓர் ஊர் உண்டு. பக்கத்தில்தான் மாமண்டூர்ப் பல்லவர் குடைவரைகள். அந்த ஊர்ப் பெயரைத் தூசிப்படையோடு சேர்த்துச் சொல்பவர்களும் இருக்கிறார்கள்.

அலமாரியில் படிந்ததைத் துடைத்துப் போட ஒரு சொல் போதும். தமிழில் எத்தனை இருக்கின்றன, பாருங்கள். தூசி, தூசு, தூள், துகள், தூளி, பொடி, புழுதி, நீறு, மண். ஒன்றின் இடத்தில் இன்னொன்றை வைத்தால் உட்காராது. பல்பொடியைப் பல்தூசி என்று எந்தக் குழந்தையும் சொல்லாது. மாட்டுவண்டி போன தடத்தில் எழும்புவது பொடி ஆகாது, அது புழுதி. இவ்வளவு சொற்களும் பொருளின் அளவைப் பார்த்துப் பிறந்தவை என்று முதலில் நினைத்தேன். பார்க்கப் பார்க்க வேறொன்று தெரிந்தது. அந்தப் பொருள் நமக்கு என்னவாக இருக்கிறது என்பதைப் பொறுத்துப் பெயர் மாறுகிறது.

காலில் ஒட்டுவதையே எடுத்துக்கொள்வோம். "அவர் கால்தூசு பெறுவாயா நீ?" என்று ஒருவரைக் கேட்டுவிட்டால் அதற்குக் கீழே இறக்குவதற்குப் படி கிடையாது. "எனக்கு அவனெல்லாம் தூசு" என்றாலும் அதே கதைதான். ஆனால் அதே காலில் ஒட்டிய அதே பொருளைப் பொடி என்று சொல்லிப் பாருங்கள். கும்பகோணத்துக்கு அருகே திருமண்டங்குடியில் பிறந்தவர் விப்ரநாராயணர். திருவரங்கத்தில் நந்தவனம் வைத்துப் பெருமாளுக்கு மாலை கட்டிக்கொண்டிருந்தவர். பன்னிரு ஆழ்வார்களில் ஒருவரான அவருக்கு நிலைத்த பெயர் தொண்டரடிப்பொடி. பெருமாளின் திருவடிப் பொடி என்றுகூட வைத்துக்கொள்ளவில்லை. பெருமாளைத் தொழுகிற அடியார்களின் காலடியில் ஒட்டும் பொடி நான் என்கிறார். மார்கழி விடியற்காலையில் வைணவக் கோயில்களில் ஒலிக்கிற திருப்பள்ளியெழுச்சி அவர் பாடியது. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக அந்தப் பொடிக்கு முன்னால் ஊர் கைகூப்பி நிற்கிறது.

நம் காலத்துக்கு அருகிலும் ஒருவர் உண்டு. காரைக்குடி சா. கணேசன். விடுதலைப் போராட்ட வீரர், சட்டமன்ற உறுப்பினராகவும் இருந்தவர். 1939-இல் காரைக்குடியில் கம்பன் கழகத்தைத் தொடங்கி, கம்பன் விழா என்ற ஒன்றைத் தமிழ்நாட்டுக்குப் பழக்கியவர். அவரை இன்றும் 'கம்பனடிப்பொடி' என்றுதான் சொல்கிறோம். எத்தனையோ பட்டங்கள் மேடையில் கொடுக்கப்பட்டு மேடையிலேயே உதிர்ந்துபோகின்றன. இந்தப் பொடி மட்டும் ஒட்டிக்கொண்டு நிற்கிறது.

மூன்றாவதாக ஒரு சொல் இருக்கிறது. அதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது எந்த நூலும் இல்லை, எங்கள் அப்பத்தா.

எனக்கு ஆறேழு வயது இருக்கும். உறவில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்த அன்று ராத்திரியே காய்ச்சல். மறுநாள் பொழுது சாய்கிற நேரத்தில் அப்பத்தா என்னை வாசல்வரை நடக்கவிட்டார். பின்னாலேயே வந்து, நான் கால் வைத்து எடுத்த இடத்தில் குனிந்து இடது கையால் ஒரு சிட்டிகை மண் எடுத்தார். அதைக் கல் உப்போடும் வரமிளகாயோடும் உள்ளங்கையில் சேர்த்து மூடிக்கொண்டு, திண்ணையில் என்னைக் கிழக்கே பார்த்து உட்கார வைத்தார். தலையைச் சுற்றி மூன்று தடவை. "துப்புப்பு" என்றார். மூன்று தடவை துப்பினேன். உள்ளே போய் அடுப்பில் போட்டார். உப்பு படபடவென்று வெடித்தது. மிளகாய் கருகியும் நெடி ஏறவில்லை. "பாத்தியா, கண்ணுதான் பட்டுருக்கு" என்று முந்தானையால் என் முகத்தைத் துடைத்தார். அவர் எடுத்ததற்குப் பெயர் காலடி மண். கால்தூசு என்று அதைச் சொல்லியிருந்தால் அப்பத்தாவுக்குக் கோபம் வந்திருக்கும்.

அதே அப்பத்தா வேறொரு நாள் மண்ணை அள்ளியதையும் நான் பார்த்திருக்கிறேன். எங்கள் வயலை ஒட்டி உழுகிறவர் ஒருவர் வருடத்துக்கு ஒரு சாண் என்று வரப்பைத் தின்றுகொண்டே வந்தார். பஞ்சாயத்து பேசியும் கேட்கவில்லை. ஒரு மத்தியானம் அப்பத்தா அவர் வீட்டுக்கு எதிரே தெருவில் போய் நின்று, இரண்டு கையாலும் மண்ணை வாரித் தூற்றினார். வாயைத் திறந்து ஒரு சொல் சொல்லவில்லை. தெருவே கதவைச் சாத்திக்கொண்டது. களத்தில் நெல்லைத் தூற்றுவதற்கும் ஒருவரைத் தூற்றுவதற்கும் தமிழில் ஒரே வினை. ஏழைக்கு மிச்சம் இருக்கிற கடைசி ஆயுதம் கைப்பிடி மண் என்பது அன்றைக்கு எனக்குப் புரிந்திருக்க வாய்ப்பில்லை. இப்போது புரிகிறது.

எங்கள் சிவகங்கைச் சீமையில் அய்யனாருக்கு மண்குதிரை எடுக்கும் புரவியெடுப்பு என்றால் முதல் வேலை பிடிமண் கொடுப்பது. ஊர் கூடி ஒரு பிடி மண்ணை எடுத்து, குதிரை வனையும் வேளாரிடம் கொடுக்கும். அதிலிருந்துதான் அந்த வருடத்துக் குதிரைகள் பிறக்கும். பிழைப்புத் தேடி ஊரை விட்டுப் போனவர்கள், போன இடத்தில் குலதெய்வத்துக்குக் கோயில் கட்ட வேண்டுமென்றால் பழைய கோயிலிலிருந்து எடுத்துப் போவதும் பிடிமண்தான். கல்லும் சிலையும் போகிற இடத்தில் கிடைக்கும். அந்த ஒரு பிடி வேறெங்கும் கிடைக்காது.

புழுதிக்கு வருகிறேன். நகரத்தில் இருப்பவர்களுக்கு அது பேருந்து கிளப்பிவிட்டுப் போகும் தொல்லை. உழவரைக் கேளுங்கள், முகம் மாறும். ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்து மானாவாரி நெல்லுக்கு நாற்றங்கால் கிடையாது. புழுதி பறக்க உழுது வைத்த காய்ந்த நிலத்தில் ஆவணி, புரட்டாசியில் விதையைத் தெளித்துவிட்டு வானத்தைப் பார்ப்பார்கள். அதற்குப் பெயர் புழுதி விதைப்பு. மழை இரண்டு நாள் முந்தினால் ஒரு கணக்கு, பிந்தினால் ஒரு கணக்கு. கோடையில் கிடைக்கும் முதல் மழையோடு உழுது, கட்டி உடைத்து, வெயிலில் காயவிடுவது புழுதி உழவு. களையின் வேர் மேலே வந்து காயும், பூச்சியின் கூட்டுப்புழு வெயிலில் சாகும், அடுத்த மழை மண்ணுக்குள் இறங்கும். திருக்குறளில் உழவு அதிகாரத்தில் ஒரு குறள், 1037 என்பது அதன் எண், இந்தக் கணக்கை மட்டுமே சொல்கிறது. ஒரு பலம் புழுதி கால் பலம் ஆகும் அளவுக்கு உழுது காயவிட்டால் ஒரு பிடி எருவும் போட வேண்டியதில்லை என்கிறார் வள்ளுவர். நிறுத்துப் பார்க்கும் பொருளாகப் புழுதியைக் கையில் எடுத்த புலவர் அவர். மேசைமுன் உட்கார்ந்து எழுதுகிறவருக்கு இது வராது. ஏர் ஓடும்போது பக்கத்தில் நின்றிருக்க வேண்டும்.

அடுப்படியில் பொடிக்கும் தூளுக்கும் இடையிலுள்ள கோடு வீட்டுக்கு வீடு மாறும். எங்கள் வீட்டில் மிளகாய்த்தூள் என்றால் குழம்புக்கு, மிளகாய்ப்பொடி என்றால் உளுந்தும் எள்ளும் வறுத்துச் சேர்த்து இட்லிக்கு. யாழ்ப்பாணத்தில் வெறுமனே தூள் என்றாலே போதும். செத்தல் மிளகாய், மல்லி, சீரகம், பெருஞ்சீரகம், மிளகு, கறிவேப்பிலை எல்லாம் பதமாக வறுத்து இடித்த கறித்தூள் அது. டொரொன்டோவிலோ லண்டனிலோ இருக்கும் பிள்ளைக்கு ஊரிலிருந்து யாராவது போகிறார்கள் என்றால் பெட்டியில் முதலில் இடம் பிடிப்பது அந்தத் தூள் பொட்டலம்தான். யாழ்ப்பாணத்தில் பொடியன் என்றால் இளைஞன். இங்கே பொடியன் என்றால் சின்னஞ்சிறு பயல். பொடிநடையாகப் போவது, பொடி வைத்துப் பேசுவது, தூள் கிளப்புவது என்று சொல்லிக்கொண்டே போனால் இந்தப் பக்கம் போதாது.

ஆனால் தேநீரைத் தாண்டிப் போக மனம் வரவில்லை. நீலகிரியில் ஒரு தேயிலைத் தொழிற்சாலைக்குள் நின்று பார்த்திருக்கிறேன். வதங்கிய இலை சி.டி.சி. உருளைகளுக்கு இடையே போய் நசுங்கி, கிழிந்து, சுருண்டு விழுகிறது. பச்சையாக உள்ளே போனது செம்புநிறமாகி, சூட்டில் காய்ந்து கறுத்து, சல்லடைகளுக்கு வருகிறது. மேல் சல்லடையில் பெரிய குருணை நிற்கும். அடுத்ததில் அதைவிடச் சிறியது. எல்லாவற்றையும் தாண்டி அடியில் விழுவது டஸ்ட். பெயரைக் கேட்டுக் கழிவு என்று எண்ண வேண்டாம். மணி சிறுத்தால் வெந்நீர் படும் பரப்பு கூடும். சாயமும் திடமும் நொடியில் இறங்கும். பாலைக் கொதிக்கவிட்டு, துணி வடிகட்டியில் தூளைப் போட்டு, ஒரு கை உயர ஒரு கை தாழ ஆற்றிக் கொடுக்கிற நம் கடைத் தேநீருக்கு அது இல்லாமல் ஆகாது. குன்னூர் ஏலத்தில் இலைத் தேயிலைக்கும் டஸ்ட் தேயிலைக்கும் தனித்தனி விற்பனை. ஆங்கிலத்தில் துடைத்தெறிகிற பொருளுக்கு உரிய சொல், நம் தெருமுனைக் கடையில் "நல்ல டஸ்ட் போட்டு ஸ்ட்ராங்கா ஒண்ணு" என்று கேட்டு வாங்குகிற சொல்லாகிவிட்டது.

அந்த ஒரு இடத்தில் டஸ்டுக்கு நான் மரியாதை தருவேன். மற்ற இடங்களில் அது செய்கிற வேலை எனக்குப் பிடிக்கவில்லை. கரும்பலகைக்கு டஸ்டர், குப்பைக்கு டஸ்ட்பின், தும்மினால் டஸ்ட் அலர்ஜி, கட்டட வேலைக்குக் குவாரி டஸ்ட். "ஒரே டஸ்டா இருக்குப்பா" என்று பிள்ளைகள் சொல்லும்போது அது பரணில் படிந்த தூசியா, மைதானத்துப் புழுதியா, சாக்பீஸ் தூளா என்று கேட்டால்தான் தெரிகிறது. சொல் வந்ததில் குறை இல்லை. அது வந்து உட்கார்ந்ததும் ஏழெட்டுச் சொற்கள் எழுந்து போய்விடுகின்றன. வருத்தம் அதுதான்.

எழுந்து போன ஒரு சொல்லை இங்கே திரும்ப அழைத்து வர ஆசைப்படுகிறேன். தேர்த்துகள். தேர் ஓடும்போது சக்கரத்தடியிலிருந்து எழும்பும் துகள். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதைக்கு உரை எழுதும்போது, மேடை அளக்கும் கோலுக்குக் கணக்குச் சொல்கிறார் அடியார்க்குநல்லார். எட்டு அணு ஒரு தேர்த்துகள், எட்டுத் தேர்த்துகள் ஓர் இம்மி, எட்டு இம்மி ஓர் எள், எட்டு எள் ஒரு நெல், எட்டு நெல் ஒரு பெருவிரல். வேறு வாய்பாடுகளும் உண்டு, இது சுருக்கமானது. காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். ஒரு பெருவிரல் அகலத்தில் 4,096 தேர்த்துகள். விரலின் அகலத்தை 2 சென்டிமீட்டர் என்று கொண்டால் ஒரு தேர்த்துகள் சற்றேறக்குறைய 5 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் 200-இல் ஒரு பங்கு. இதை வைத்து நம் முன்னோர் மைக்ரானை அளந்தார்கள் என்று மார்தட்ட மாட்டேன். எட்டெட்டாகப் பகுத்துக்கொண்டே போன கணக்கு அது. ஆனாலும் கண்ணுக்குத் தெரியும் எள்ளோடு நின்றுவிடாமல் அதற்குக் கீழே இரண்டு படி இறங்கி, அங்கே இருப்பதற்கும் ஒரு பெயர் வேண்டும் என்று நினைத்தார்களே, அந்த நினைப்பை வணங்குகிறேன்.

ஏனென்றால் உயிரை எடுக்கிற தூசி அந்தப் படியில்தான் இருக்கிறது. கண்ணுக்குத் தெரிகிற தூசியில் பெரும்பகுதியை மூக்கும் தொண்டையும் பிடித்துத் தும்மலாகவும் சளியாகவும் வெளியே தள்ளிவிடும். 10 மைக்ரானுக்குக் குறைந்தவை நெஞ்சுக்குள் போகும். அவற்றிலும் மிக நுண்ணியவை நுரையீரலின் காற்றுப்பைகள்வரை போய்த் தங்கிவிடும். காற்றுத்தர அறிக்கையில் பி.எம். 10, பி.எம். 2.5 என்று வருவது இந்த நுண்துகள்களின் அளவுதான். 2009-இல் இந்தியா வகுத்த வரையறைப்படி ஒரு கனமீட்டர் காற்றில் முதலாவது 24 மணி நேரச் சராசரியாக 100 மைக்ரோகிராமையும், இரண்டாவது 60 மைக்ரோகிராமையும் தாண்டக் கூடாது.

கல் உடைக்கும் இடத்தில் பறப்பது சிலிக்கா. வருடக்கணக்கில் சுவாசித்தால் நுரையீரல் தழும்பேறி இறுகிவிடும். சிலிக்கோசிஸ் என்ற அந்த நோயைத் திருப்பும் மருந்து இல்லை. பஞ்சாலையில் பறப்பது பஞ்சுத் தூசி. ஞாயிறு விடுமுறை முடிந்து திங்கட்கிழமை வேலைக்கு வந்ததும் நெஞ்சு இறுக்கிப் பிடிப்பதுதான் பிஸினோசிஸ் என்ற நுரையீரல் நோயின் முதல் அடையாளம். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தில் இரண்டும் கண்டால் தெரிவித்தே ஆகவேண்டிய நோய்களின் பட்டியலில் இடம்பெற்றிருந்தன. எங்கள் ஊரில் குவாரி வேலைக்குப் போய்வந்த ஒருவர் இருமிக்கொண்டே என்னிடம் சொன்னது நினைவிருக்கிறது: "தூசிதானே தம்பி, ஒரு துண்டு வெல்லத்தை வாயில போட்டா இறங்கிரும்." வெல்லம் தொண்டைக்கு இதம். உள்ளே படிந்த சிலிக்காவை அது தொடாது. தூசு என்றால் ஒன்றுமில்லாதது என்று நாம் பழகிவிட்ட பொருள் அந்த 'தானே'யில் வந்து உட்கார்ந்துகொண்டு ஒரு மனிதரைக் கொல்கிறது. துளையிடும்போது தண்ணீர் விட்டால், இயந்திரத்தின் வாயில் தூசியை உறிஞ்சும் குழாய் வைத்தால், தரமான முகக்கவசம் கொடுத்தால் பெரும்பகுதியைத் தடுத்துவிடலாம். வேலை கொடுக்கிற வாசகர்கள் இந்த இதழைப் படிக்கிறீர்கள் என்பது எனக்குத் தெரியும். இந்தப் பத்தியை உங்களுக்காகவே எழுதினேன்.

மற்ற எல்லோருக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் தொழிலில் பறப்பதற்கும் படிவதற்கும் என்ன பெயர் என்று எழுதி அனுப்புங்கள். சிவகாசியில் பட்டாசுக்குள் போகும் பொடிக்கு மருந்து என்று பெயர் இருப்பதுபோல, மரப்பட்டறையில், மாவு மில்லில், நகைப்பட்டறையில், தறிக்கூடத்தில், கயிற்றுத் தொழிற்சாலையில் ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் இருக்கும். அதைச் சேர்த்து வைக்கிறீர்களா, விற்கிறீர்களா, கூட்டித் தள்ளுகிறீர்களா என்பதையும் சேர்த்து எழுதுங்கள். ஊரின் பெயரை மறக்க வேண்டாம். அஞ்சலட்டை போதும். வருவனவற்றைத் தொகுத்து இதழில் வெளியிடுகிறோம்.

ஆசிரியை அம்மாவுக்கு என் பதில்: இரண்டும் சரி. இனி இந்த இதழில் அலமாரியில் படிவது தூசி. 'கால்தூசு' மட்டும் மக்கள் வாயில் இருப்பதுபோலவே இருக்கும். பிசகினால் அதே சிவப்பு மையில் எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்